பாதி வேகம் போதும்

அமெரிக்காவின் அரிசோனாவில் கொல்லைப்புற நீச்சல் குளத்தின் பம்ப் நடுக்கோடையில் நின்றுபோனால் வீட்டுக்காரருக்குப் பதற்றம்தான். ஓரிரு நாளில் தண்ணீர் பச்சையாகிவிடுமே! உடனே பழைய குதிரைத்திறனிலேயே இன்னொன்று வாங்கி மாட்டிவிடத் தோன்றும். (பெரிய பம்ப் என்றால் நல்ல பம்ப் என்ற நினைப்பு எந்த ஊரிலும் உண்டு.)

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,500 வாட் இழுக்கும் ஒற்றை வேக பம்ப், நிமிடத்துக்கு 3,450 சுற்றில் தினமும் 8 மணி நேரம் ஓடினால் 12 யூனிட் ஆகும். வேகத்தைப் பாதியாக்கினால் வரும் தண்ணீரும் பாதிதான். ஆனால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும்! அதே அளவு தண்ணீரைச் சுற்றிவிட 16 மணி நேரம் ஓட்டினாலும் 3 யூனிட்தான். குறைந்த வேகத்தில் மோட்டாரின் திறன் சற்று இறங்கும் என்பதால் 4 என்றே வைத்துக்கொள்வோம்.

இதற்கு வேகத்தை மாற்றக்கூடிய பம்ப் வேண்டும். விலை கூடுதல்தான். ஆனால் 2021 ஜூலையில் அமலுக்கு வந்த அமெரிக்க அரசின் விதியால், பெரிய குளங்களுக்கான புது பம்ப்கள் அநேகமாக இந்த வகையாகவே வருகின்றன.

கூரையில் வெயிலில் தண்ணீர் சூடாக்கும் தகடு இருந்தால், அது வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும் வேகத்தைக் கூட்ட வேண்டும். சிலரோ புது பம்பையும் நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடவிட்டு, பில் குறையவில்லையே என்கிறார்கள்!