காற்றும் மண்ணெண்ணெயும்

பாய்த்தோணி பழங்காலத்துப் பொருள், அருங்காட்சியகத்துக்கு உரியது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். கற்பிட்டிக் கரையில் அந்த எண்ணம் நிலைக்காது. மே முதல் ஒக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசுகிறது. அக்காற்றில் பட்டம் பறக்கவிட்டு, அதன் இழுப்பில் நீர்மேல் சறுக்கி விளையாட ஐரோப்பாவிலிருந்து உல்லாசப் பிரயாணிகள் பணம் கொடுத்து வருகிறார்கள். அதே காற்றில் பிறந்து வளர்ந்த மீனவனோ 2022இல் மண்ணெண்ணெய்க் கலனோடு வரிசையில் நின்றான்.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக உயர்ந்தது. சிறு படகுகளின் இயந்திரங்களுக்கு அதுவே உணவு. கடல் இருந்தது, கையிலே பலமும் இருந்தது. படகை நகர்த்தும் சக்தி மாத்திரம் சந்தையின் பிடியில் இருந்தது.

இந்த முரண்பாடே எங்களைச் சிறு தோணி ஒன்று கட்டத் தூண்டிற்று. ஒட்டுப்பலகையால் உடல், சவுக்கு மரத்தால் பாய்மரம், பழைய தறப்பாளால் பாய். பாயின் அமைப்பைச் சீனரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். துணியின் குறுக்கே மூங்கிற் சலாகைகளைக் கட்டிவிட்டால் அது விசிறிபோல் விரியும், மடியும். காற்று மிகும்போது ஏற்றுக்கயிற்றை இளக்கினால் போதும். அடிச்சலாகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடங்கிப் பாய் சிறுத்துவிடும். ஓரிடத்தில் கிழிந்தாலும் கிழிசல் பெரும்பாலும் அடுத்த சலாகையோடு நின்றுவிடும். காற்றை எதிர்த்து முன்னேறுவதில் மட்டும் சற்றுப் பின்தங்கும். பாரத்தைச் சலாகைகள் பகிர்ந்துகொள்வதால் மலிவான துணியும் பலத்த காற்றைத் தாங்குகிறது. தொழிலாளர் சங்கம் கண்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இப்பாய் இக்கரைக்கு முற்றிலும் அந்நியமன்று. 1344இல் புத்தளத்தில் கரையிறங்கிய இப்னு பதூதா, கோழிக்கோட்டில் தாம் கண்ட சீனக் கப்பல்களின் பாய்கள் மூங்கிலால் முடையப்பட்டிருந்ததை எழுதிவைத்தார். 1960இல் ஹாஸ்லர் என்னும் பிரித்தானியர், ‘ஜெஸ்டர்’ என்ற சிறு படகில் சீனப் பாய் கட்டி, தனியொருவராக 48 நாட்களில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தார். அவருடைய பெயரைச் சரித்திரம் அறியும். முதன்முதலில் மூங்கிலைப் பாயிலே கட்டிய சீனத் தொழிலாளியின் பெயரை அது எழுதவில்லை.

புத்தளம் களப்பில் எங்கள் தோணியைக் கண்ட முதிய மீனவர் ஒருவர், பாயைத் தடவிப் பார்த்துவிட்டு ஏறி அமர்ந்து சுக்கானைக் கையில் வாங்கிக்கொண்டார். நாங்கள் புத்தகத்தில் படித்ததையெல்லாம் கன்னத்தில் பட்ட காற்றே அவருக்குக் கூறிற்று. இயந்திரம் வந்தபின் தம் பிள்ளைகளுக்கு இவ்வித்தையைக் கற்றுக்கொடுக்கவில்லை என்றார். “எண்ணெய் இல்லாமப் போகும் எண்டு ஆர் நினைச்சது, தம்பி?”

இயந்திரத்தை எறிந்துவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தூரக் கடலுக்கு அது வேண்டும். ஆனால் ஒன்றை மட்டுமே அறிந்தவன் அந்த ஒன்றை விற்பவனுக்கு அடிமை. கரையோரப் பள்ளிக்கூடங்களில் விசைகளின் இணைகரத்தைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியர்கள், இத்தகைய முதியவர்களை ஒருநாள் வகுப்புக்கு அழைக்கட்டும். மறுநாள் வகுப்பைக் களப்புக்கு நடத்திச் செல்லட்டும்.