ஜிஆர்ஈ கணக்கும் நண்பனின் உதவியும்

ஜிஆர்ஈ கணக்கெல்லாம் பத்தாங்கிளாஸ் கணக்குதானே என்று இன்ஜினியரிங் மாணவர்கள் அலட்சியமாக இருப்பார்கள். 2023 செப்டம்பரிலிருந்து 27 கேள்விகளுக்கு மொத்தம் 47 நிமிடம்தான். சறுக்குவது ஒப்பீட்டுக் கேள்விகளில்.

ஒரு மிகை எண், அதன் வர்க்கம், எது பெரிது? வர்க்கம்தான் என்று அவசரப்படுவார்கள். விடை தப்பு. நண்பனிடம் கேட்டால், "நாலாவது சாய்ஸ்டா" என்பான். அதில் என்ன பயன்? அடுத்த கணக்கிலும் அதே தப்பு வரும். நல்ல நண்பன் என்றால், "அரையைப் போட்டுப் பாத்தியா?" என்பான். அரையின் வர்க்கம் கால். ஒன்று என்றால் சமம். இரண்டு என்றால் வர்க்கம் பெரிது. ஆக, தீர்மானிக்க முடியாது!

கேட்பவரும் 'விடை என்ன?' என்பதை விட்டு, 'இப்படிப் போட்டேன், எங்கே தப்பு?' என்று கேட்க வேண்டும். இதில் வெட்கம் எதற்கு? மறுபடி எழுத 21 நாள் காத்திருக்கணும், முழுக் கட்டணமும் கட்டணுமே!