144 மாடி, லிஃப்ட் கிடையாது!

'சைலோ' பார்க்க ஆரம்பித்தது நான்தான். சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்றாலே எழுந்து போய்விடுகிற அம்மா, இதற்கு மட்டும் நகரவில்லை.

ஆப்பிள் டிவியில் 2023-ல் வந்த தொடர். ஹ்யூ ஹோவி 2011-ல் தானே வெளியிட்ட 'வுல்' கதைதான் மூலம். பூமிக்கு அடியில் 144 மாடி, 10,000 பேர். வெளியே காற்று விஷம் என்பார்கள். இந்த இடத்தை யார் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. குழந்தை பெறவும் அனுமதி வாங்கவேண்டும். கிடைத்தால் ஒரு வருடம்தான் கெடு. "வெளியே போகணும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் திரும்பப் பெற முடியாது. கையில் கம்பளித் துணியைக் கொடுத்து, 'போகிற வழியில் கேமராவைத் துடைத்துவிட்டுப் போ' என்று அனுப்பிவிடுவார்கள். மற்றவர்கள் கேன்டீன் திரையில் அதை வேடிக்கை பார்ப்பார்கள். அங்கே வயிறு கலங்கிவிட்டது எனக்கு.

ஆனால், அத்தனை மாடிக்கும் ஒரே ஒரு சுழல் படிக்கட்டு! இவ்வளவு பெரிய ஜெனரேட்டரை ஓட்டுகிறவர்களுக்கு ஒரு லிஃப்ட் போடத் தெரியாதா என்று எரிச்சலாக வந்தது.

"தெரியாம இல்லடி. லிஃப்ட் இருந்தா கீழ இருக்கறவங்க மேல வந்து கேள்வி கேட்ருவாங்கல்ல?" என்றாள் அம்மா.

அவளுக்குப் புரியாமல் இருக்குமா? எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. மூட்டுவலி வந்த பிறகு டாக்டரிடம் போக மட்டும்தான் கீழே இறங்குகிறாள். தினமும் வாசலில் நின்று பேசிய கீழ் வீட்டு அக்காவோடு இப்போது போனில்தான் பேச்சு. நடுவில் 50 படிகூட இருக்காது.

மூன்றாவது எபிசோடில் ஜெனரேட்டரை நிறுத்திப் பழுது பார்க்கிறார்கள். மேலே ஊரே இருட்டில். கீழே மெக்கானிக் ஜூலியட், உயிரைப் பணயம் வைத்து நீராவியோடு போராடுகிறாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு எரிந்ததும் மேலே ஒரே ஆரவாரம்.

"கரன்ட் வந்துடுச்சுன்னு மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும். இந்தப் பொண்ணு பட்ட பாடு தெரியுமா?" என்றாள்.

மறுநாள் காலையில் அந்தக் காட்சியைக் கீழ் வீட்டு அக்காவுக்குப் போனில் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜூலியட் என்ற பெயர் வாயில் நுழையவில்லை, 'மெக்கானிக் பொண்ணு'தான். அந்த அக்காவுக்கும் முழங்கால் வலி. இருந்தாலும் சனிக்கிழமை நாலாவது எபிசோடுக்கு மாடியேறி வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.