பாட்டு, கேட்டு, நெட்டு... தப்பே இல்லை!

எங்கள் ஊர்ப் பக்கம் ஆங்கில வார்த்தை எதுவும் மொட்டையாக முடியாது. அருப்புக்கோட்டைத் தறிகளில் கழன்று விழுவது 'நட்டு', 'போல்ட்டு'. திருச்சுழி பக்கம் மானாவாரிக் காட்டுக்கு நடுவே கிணறு வைத்திருப்பவரிடம் 'பம்புசெட்டு'. பஸ்ஸில் ஏறினால் 'டிக்கெட்டு', பொழுது சாய்ந்தால் 'லைட்டு'. மதுரை - தூத்துக்குடி நான்கு வழிச்சாலை ஓரம் கருவேலங்காட்டை வெட்டிக் கல் ஊன்றியிருந்தால் அது 'பிளாட்டு'. ஆங்கிலத்தில் 'டீ' என்ற எழுத்தோடு நிற்கிற வார்த்தைகள் எல்லாம் இங்கே வந்ததும் 'ட்டு' என்று உட்கார்ந்துவிடும்.

போன கோடை விடுமுறைக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். சென்னையில் ஒன்றாம் வகுப்பு முடித்த என் மகளுக்கு விடுமுறைப் பாடம் கொடுத்திருந்தார்கள். எல்லாம் மூன்றெழுத்து வார்த்தைகள். எல்லாம் 'டீ'யில் முடிபவை. திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள்.

"பேட்... கேட்... நெட்... பாட்..."

பக்கத்தில் மல்லி புடைத்துக்கொண்டிருந்த அத்தை, "பேட்டு, கேட்டு, பாட்டு... பாட்டுக் கேட்டுக்கிட்டா படிக்கச் சொல்றாக? நல்லாத்தேன் இருக்கு" என்றார்.

"தப்பு அப்பத்தா! கடைசியில 'உ' வரக் கூடாது. மிஸ் திட்டுவாங்க."

அத்தை சிரித்துக்கொண்டார். ஆனால், அந்தச் சிரிப்போடு அது முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் "லைட்டை..." என்று ஆரம்பித்தவர், பேத்தியைப் பார்த்துவிட்டு, "அந்த விளக்கைப் போடுத்தா" என்று மாற்றிக்கொண்டார். அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன டெஸ்ட் எடுத்தீர்கள், எப்போது எடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். எல்லா விவரமும் அத்தைக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தவர் என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லுத்தா" என்று சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அன்று ராத்திரி மகளை உட்காரவைத்துப் பேசினேன். நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் நடத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பாடம்தான் கைகொடுத்தது.

க், ச், ட், த், ப், ற் என்ற ஆறு வல்லின மெய்களும் தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்காது. சொல்லின் கடைசியில் வரும் எழுத்துகள் என்று நன்னூல் கணக்குப் போட்டுச் சொல்வது மொத்தம் 24: உயிர் 12, மெய் 11, குற்றியலுகரம் 1. அந்த 11 மெய்யில் வல்லினம் ஒன்றுகூடக் கிடையாது. வல்லினத்தில் முடிய வேண்டுமானால் ஓர் 'உ' துணைக்கு வரும். அதுவும் முழு 'உ' இல்லை. ஒரு மாத்திரை ஒலிக்க வேண்டியது அரை மாத்திரையாகக் குறுகிவிடும். 'பாட்டு', 'பத்து' எல்லாம் அப்படி வந்தவைதான்.

'ட்' ஏன் இரட்டிக்கிறது? 'நெட்' என்பதோடு வெறும் 'உ' சேர்ந்தால் 'நெடு' ஆகிவிடும். 'கேட்' 'கேடு' ஆகிவிடும். ஒலியும் மாறும், அர்த்தமும் கெடும். வல்லோசை போகாமல் இருக்கத்தான் 'நெட்டு', 'கேட்டு'. அதே அத்தை 'ரோட்டு' போட்டார்கள் என்று சொல்ல மாட்டார். 'ரோடு' போட்டார்கள் என்பார். சட்டைக்கு மேலே போடுவதை மட்டும் 'கோட்டு' என்பார். ஆங்கிலத்தில் ஒன்று மெல்ல ஒலிப்பது, இன்னொன்று அழுத்தி ஒலிப்பது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவரின் காதுக்கு அந்த வித்தியாசம் துல்லியமாகத் தெரிகிறது.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. ஜப்பானிய மொழியில் 'ன்' தவிர வேறு மெய்யில் வார்த்தை முடியாது. அதனால் அவர்களுக்கு 'நெட்' என்பது 'நெட்டோ', 'கட்' என்பது 'கட்டோ'. வெள்ளைக்காரர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? நம் 'சுருட்டு' அவர்கள் வாய்க்குப் போனதும் கடைசி 'உ'வை உதிர்த்துவிட்டு 'ஷெரூட்' ஆனது. அவர்கள் கழித்ததை யாரும் தப்பு என்று சொல்லவில்லை. நாம் கூட்டினால் மட்டும் எப்படித் தப்பாகும்?

மகளுக்கு மாத்திரைக் கணக்கு புரிந்ததோ என்னவோ, ஜப்பான் கதை பிடித்துவிட்டது. மறுநாள் முழுக்க 'நெட்டு, நெட்டோ' என்று அப்பத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றினாள். அத்தையும் மெல்லப் பழையபடி பேச ஆரம்பித்தார்.

ஆங்கிலம் பேசும்போது 'டீ'யோடு நிறுத்தக் குழந்தைகள் பழகத்தான் வேண்டும். நாளைக்கு இன்டர்வியூவில் உதவும். ஆனால், தமிழுக்குள் வந்துவிட்ட 'லைட்டு'ம் 'டெஸ்ட்டு'ம் தமிழ் இலக்கணப்படி நடக்கின்றன. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே புகுந்து திருத்த வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். கூச்சத்தில் அவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டால், டாக்டரிடம் சொல்ல வேண்டிய வலியும் அவர்களுக்குள்ளேயே தங்கிவிடும்.