தளம் போட்டபின் தண்ணீர்

இல்லம் மந்திரிக்க நாள் கேட்டு வருவோரிடம், மேல்தளம் போட்டு எத்தனை நாளாயிற்று என்றே நாம் முதலில் வினவுவது வழக்கம். சிலர் வியப்படைகின்றனர். குருவானவருக்கும் சிமெண்டுக் கலவைக்கும் என்ன தொடர்பு என்று எண்ணுகின்றனர் போலும். பாறைமீது கட்டிய வீட்டைப்பற்றிப் பலமுறை பிரசங்கித்தாயிற்று. அஸ்திவாரத்தோடு நின்றுவிடாமல் மேலேயும் சற்று நோக்குவது நம் கடமையன்றோ!

கலவை காய்வதால் கெட்டியாகிறது என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. நீரோடு சேர்ந்து நிகழும் இரசாயன மாற்றத்தினாலேயே சிமெண்டு இறுகுகிறது. ஈரம் உள்ளமட்டும் வலிமை வளரும். ஈரம் அற்றால் அவ்வளர்ச்சி நின்றுபோகும். ஆகவேதான் தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் தேக்குவதும், தூண்களுக்குச் சாக்குச் சுற்றி நனைப்பதும். சாதாரண சிமெண்டாயின் குறைந்தது 7 நாள், நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்டாயின் 10 நாள் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. கடும் வெயில் காலத்தில் பின்னதற்கு 14 நாளாவது வேண்டும்.

ஆயினும் வீடு கட்டுவோர் எழுதும் கணக்கில் செங்கல்லுக்கு இடமுண்டு, கம்பிக்கு இடமுண்டு, ஆசாரிக்கும் இடமுண்டு. நீரூற்றுபவருக்குக் கூலி எழுதியவரை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம். தளம் போட்ட அன்று அனைவருக்கும் விருந்து நடைபெறும். மறுநாள் அங்கே ஆளிராது.

பல ஆண்டுகட்கு முன் நாம் பணியாற்றிய கடலோரப் பங்கொன்றில், ஒரு கைம்பெண்ணின் படுக்கையறைக் கூரை நள்ளிரவில் பெயர்ந்து விழுந்தது. பேறுகாலத்துக்கு வந்திருந்த மகளுடன் அன்று அவர் கூடத்தில் படுத்திருந்தமையால் இருவரும் உயிர் தப்பினர். காலையில் சென்று பார்த்தோம். கம்பிகள் துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தன. கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவே குறைந்தது 20 மில்லிமீட்டர் கனத்துக்குக் கலவை இறங்க வேண்டும். உப்புக்காற்று வீசும் ஊரில் அதனினும் மிகுதியாக வேண்டும். அங்கோ கம்பி பலகைமீதே கிடந்திருக்கிறது. மணலும் கடற்கரையில் அள்ளியதாம்! உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதை மீனவர் ஊரில் நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

இத்தகைய குறைகளுக்குக் கொத்தனாரைக் குற்றஞ்சாட்டுதல் எளிது. ஆனால் சதுர அடிக்கு இவ்வளவுதான் என்று அடித்துப் பேசி, அவரை அவசரப்படுத்துவோர் யாவர்? வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்த அன்பர் ஒருவர், தளம் போட்ட எட்டாம் நாள் நம்மிடம் வந்தார். முட்டுகளை மறுநாளே பிரிக்கச் சொல்லிவிட்டதாகவும், தாம் புறப்படுமுன் மந்திரித்தாக வேண்டும் என்றும் கூறினார். அவர் வீட்டுக் கூடத்தின் அகலமோ 5 மீட்டர். நாலரை மீட்டரைக் கடந்த தளத்துக்கு முட்டுகள் 14 நாள் நிற்க வேண்டும். "நான் சொன்னால் கோபிக்கிறார் சாமி, நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று கொத்தனார் முன்னமே நம் காதில் போட்டிருந்தார். நாள் குறிக்க மறுத்தோம். முட்டுகள் நின்றன, அன்பர் மனத்தாங்கலோடு விமானம் ஏறினார்.

அவருடைய தாயார் அறுபதைக் கடந்தவர். காலையும் மாலையும் அவரே பாத்திகளுக்கு நீர் நிரப்பினார். மின்சாரம் இல்லாத நாளொன்றில் அவர் குடம் சுமந்து மாடிப்படி ஏறுவதைக் கண்டு, பீடச்சிறுவர் இருவரை உதவிக்கு அனுப்பினோம். மகன் மறு விடுமுறைக்கு வந்தபோதுதான் அவ்வில்லத்தை மந்திரித்தோம். அன்று நமக்குத் தேநீர் கொடுத்த அத்தாயார், "தளத்தில் ஒரு கீறல் கிடையாது சாமி" என்று கூறிவிட்டு மகனைப் பார்த்தார்.