ஒரு கடலுக்கு மட்டும் டிக்கெட்

ஆண்டுதோறும் ஜனவரியில் சவுத்தாம்ப்டன், ஃபோர்ட் லாடர்டேல், ஜெனோவா போன்ற துறைமுகங்களிலிருந்து சில பெரிய பயணிகள் கப்பல்கள் உலகைச் சுற்றக் கிளம்புகின்றன. திரும்பி வர 100 முதல் 130 நாள் வரை ஆகும். இந்தச் சுற்றை முழுதாகவும் வாங்கலாம், அதில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு துறைமுகத்தில் ஏறி இன்னொன்றில் இறங்கியும் விடலாம். அந்தப் பகுதியை டிராவல் ஏஜென்டுகள் ‘செக்மென்ட்’ என்பார்கள். தமிழில் கட்டம் என்று சொல்லலாம். சவுத்தாம்ப்டனிலிருந்து துபாய், துபாயிலிருந்து சிங்கப்பூர், சிங்கப்பூரிலிருந்து சிட்னி என்று பெரிய ஊர்களை முடிச்சாக வைத்துத்தான் பெரும்பாலும் கட்டம் பிரிக்கிறார்கள். விமான நிலையம் அருகில் இருக்க வேண்டும், ஒரே நாளில் ஆயிரம் பேர் இறங்கி ஆயிரம் பேர் ஏற வசதி வேண்டும், எரிபொருளும் உணவுப் பொருளும் தாராளமாகக் கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த துறைமுகங்கள் உலகில் அதிகமில்லை.

உலகச் சுற்று தொடங்கிய காலத்தில் இப்படி வெட்டி விற்கும் பழக்கம் பெரிதாக இல்லை. குனார்டு நிறுவனத்தின் லக்கோனியா 1922 நவம்பரில் நியூயார்க்கை விட்டுக் கிளம்பி, பனாமா கால்வாய் வழியாக மேற்கே போய், சூயஸ் வழியாகத் திரும்பியது. 130 நாள் ஆனது. அதில் சென்றவர்கள் நாலைந்து மாதம் வீட்டையும் தொழிலையும் விட்டுவிட்டு வரக்கூடிய செல்வர்கள். கப்பலும் இன்றைய அளவில் சிறியது. இன்றோ குயின் மேரி 2 போன்ற ஒரு கப்பலில் ஏறக்குறைய 2,700 பேர் பயணம் செய்யலாம். அத்தனை கேபினையும் முழுச் சுற்று போகிறவர்களைக் கொண்டே நிரப்புவது நடக்காத காரியம். ஆகவே பெரிய கப்பல்களில் கடைசிவரை போகிறவர்கள் சிறுபான்மைதான். மற்றவர்கள் எல்லாரும் நடுவில் ஏறி நடுவில் இறங்குகிறவர்கள்.

எந்த இரண்டு துறைமுகத்துக்கு இடையிலும் டிக்கெட் கிடைத்துவிடும் என்று எண்ணக் கூடாது. சட்டமும் குறுக்கே நிற்கும். அமெரிக்காவில் 1886ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், தொலைவான ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல், அமெரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பயணிகளைக் கொண்டு சேர்க்கக் கூடாது. சொகுசுக் கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை பெர்முடா, பஹாமாஸ், பனாமா, மால்டா, நெதர்லாந்து போன்ற நாடுகளில் பதிவானவை. ஆகையால் லாஸ் ஏஞ்சல்ஸில் ஏறி ஹோனலூலுவில் இறங்கிவிடலாம் என்று ஒருவர் கேட்டால், கப்பல் அந்த வழியாகவே போனாலும் டிக்கெட் கிடைக்காது.

கட்டம் மாறும் நாளில் கப்பல் ஒரு பெரிய சத்திரத்தைப் போல ஆகிவிடும். விடியும் முன்பே கேபின் வாசல்களில் இறங்குகிறவர்களின் பெட்டிகள் வரிசையாக நிற்கும். பத்து மணிக்குள் அவர்கள் போய்விடுவார்கள். நண்பகலிலிருந்து புதியவர்கள் வரத் தொடங்குவார்கள். முழுச் சுற்றுப் பயணிகள் அன்று ‘இன் டிரான்சிட்’ அட்டையோடு ஊருக்குள் போய்விட்டு மாலையில் தங்கள் வீட்டுக்குத் திரும்புவதுபோலத் திரும்புவார்கள். ஆம், அவர்களுக்கு அது வீடுதான். இரண்டு மாதமாக ஒரே மேசையில் சாப்பிட்டு, பணியாளர்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகிவிட்டவர்கள் அவர்கள். புதிதாக ஏறியவர்களுக்கு முதல் வேலை பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எங்கே போய் நிற்க வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லித்தருவார்கள். 2012இல் கோஸ்டா கான்கார்டியா இத்தாலியக் கரையோரம் கவிழ்ந்தபோது, அன்று மாலை ஏறியிருந்த பலருக்கு இந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ இதை நடத்திவிட வேண்டும் என்று உலக விதி திருத்தப்பட்டது. அலுப்பாகத் தோன்றினாலும் தவிர்க்கக் கூடாத அரைமணி நேரம் இது.

கட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, துறைமுகங்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்து மயங்குவது. அட்டவணையில் ‘பாங்காக்’ என்று இருக்கும். கப்பல் நிற்பது லாம் சபாங்கில்; அங்கிருந்து பாங்காக் போக இரண்டு மணி நேரம். ‘கோலாலம்பூர்’ என்று இருக்கும். நிற்பது போர்ட் கிளாங்கில். எட்டு மணி நேரம் நிற்கும் கப்பலிலிருந்து இறங்கிப் போய்வரும் நேரத்தைக் கழித்தால், ஊரைப் பார்க்கக் கிடைப்பது மூன்று நான்கு மணி நேரமே. ஊர்களைப் பார்க்க விமானமே போதும், செலவும் குறைவு. கப்பல் மட்டும் தரக்கூடியது ஒன்று உண்டென்றால் அது கடல். எந்தக் கடலைக் கடக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குரிய கட்டத்தைத் தேடுவதே சரியான முறை.

தமிழர்களுக்கு அப்படி ஒரு கடல் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. சூயஸ் வழியாகக் கிழக்கே வரும் கப்பல்களுக்கு துபாய்–சிங்கப்பூர் வழக்கமான ஒரு கட்டம். கொச்சி, கொழும்பு, பினாங்கு, போர்ட் கிளாங் ஆகியவற்றில் சிலவற்றைத் தொட்டுப் போவார்கள். இதில் கொழும்புக்கும் பினாங்குக்கும் இடையே சுமார் 1,300 கடல் மைல் திறந்த கடல். மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் மூன்று நாள். பிப்ரவரி, மார்ச்சில் வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்துகொண்டிருக்கும், தென்மேற்குக் காற்று வரவில்லை. வங்காள விரிகுடாவின் தென்பகுதி ஆண்டிலேயே மிக அமைதியாக இருக்கும் காலம் அது.

மாலை ஆறு மணிக்குக் கொழும்பை விட்டுக் கிளம்பினால் நள்ளிரவை ஒட்டித் தேவேந்திரமுனை வரும். இலங்கையின் தென்கோடியான அங்கே 49 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம் ஒன்று 1890 வாக்கிலிருந்து எரிந்துகொண்டிருக்கிறது. சூயஸுக்கும் மலாக்கா நீரிணைக்கும் இடையே ஓடும் சரக்குக் கப்பல்கள் எல்லாம் இந்த முனையைச் சுற்றித்தான் போகின்றன. இரவில் டெக்கில் நின்றால் முன்னும் பின்னும் விளக்குகள் வரிசையாகத் தெரியும். நீலத்திமிங்கலங்கள் இரைதேடும் நீரும் இதுவே. தென்கரை ஊரான மிரிஸ்ஸவிலிருந்து சுற்றுலாப் பயணிகள் படகில் போய்ப் பார்ப்பவை இவைதான். கப்பல் மோதி அவை சாவது நீண்டகாலக் கவலை. எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் 2022 முதல் தன் கப்பல்களைப் பழைய பாதையிலிருந்து ஏறக்குறைய 15 கடல் மைல் தெற்கே தள்ளி ஓட்டுகிறது. மற்றவர்களும் இதைப் பின்பற்றினால் அந்த நீரில் சாவு குறையும். கப்பல் கொஞ்சம் சுற்றிப் போவதில் பயணிக்கு இழப்பு எதுவும் இல்லை.

அடுத்த இரண்டு நாளும் கரையே தெரியாது. காலையில் முன்டெக்கில் நின்றால் பறவைமீன்கள் கப்பலின் அலையிலிருந்து கூட்டமாக எழும்பி, நீர்மட்டத்தை ஒட்டிப் பறந்து, திடீரென்று விழுந்து மறையும். இரவில் கேபினில் ஒரு சீட்டு கிடக்கும்: ‘இன்றிரவு கடிகாரத்தை முன்னே தள்ளி வையுங்கள்.’ இலங்கை நேரத்துக்கும் மலேசிய நேரத்துக்கும் இரண்டரை மணி வித்தியாசம். மூன்று இரவில் அதைத் தீர்க்க வேண்டும். ஓர் இரவில் அரைமணி, மற்ற இரண்டில் ஒவ்வொரு மணி என்று கணக்கு தீர்த்துக்கொள்ளலாம். கிழக்கே போகிறவர்களுக்குத் தூக்கம் குறைந்துகொண்டே வரும். மேற்கே போகிறவர்களுக்கு நாளுக்கு 25 மணி நேரம் கிடைக்கும். வயதானவர்கள் சிங்கப்பூரில் ஏறி மேற்கே வருவது உடம்புக்கு நல்லது. பசிபிக் கட்டங்களில் தேதிக்கோடும் வரும். மேற்கே போனால் ஒரு நாள் காணாமல் போகும், கிழக்கே போனால் ஒரே தேதி இரண்டு முறை வரும். கிழமை மறந்துபோவது எல்லாருக்கும் நடப்பதால் சில கப்பல்களில் லிஃப்டின் தரைவிரிப்பிலேயே அன்றைய கிழமையை நெய்து வைத்திருப்பார்கள். நள்ளிரவில் ஒரு பணியாளர் வந்து அதை மாற்றிப் போடுவார்.

மூன்றாம் நாள் கப்பல் பெரிய நிக்கோபாருக்கும் சுமத்ராவின் ஆச்சே முனைக்கும் நடுவே நுழையும். இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை வடக்கே இருக்கிறது. 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் அங்கே நிலம் நாலு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. இந்த இடைவெளி அகலமானதால் நடுவே போகும் கப்பலிலிருந்து இரு கரையும் தெரியாது. ஆயினும் கடல் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நிற்பது பெரிய அனுபவம். முதலாம் இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வரும் நக்கவாரம் இந்த நிக்கோபார்; இலாமுரிதேசம் என்பது எதிரே இருக்கும் ஆச்சே; கடாரம் அடுத்த நாள் வரப்போகும் கெடா கரை. 1025 வாக்கில் சோழர் படை போன கடல் இது.

அவ்வளவு பின்னே போகவும் வேண்டாம். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா என்ற கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. கேபினில் போனவர்கள் கொஞ்சம் பேர். டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள் பல தலைமுறைத் தமிழர்கள். அதன்பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு அந்தப் பயணிகள் சேவை நின்றது. பினாங்கிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் வேரூன்றிய குடும்பங்களின் தாத்தா பாட்டிமார் பார்த்த கடலைப் பேரப்பிள்ளைகள் பார்க்க இன்று எளிதாகக் கிடைக்கும் வழி, இப்படி ஏதாவதொரு சொகுசுக் கப்பலின் கட்டம்தான்.

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும். ஏமாற்றாத துறைமுகம் இது. இறங்கினால் ஜார்ஜ் டவுன், நடக்கும் தூரத்தில் 1833இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயில், சுற்றிலும் பூக்கடையும் மளிகைக் கடையும். அதற்குப் பிறகு சிங்கப்பூர் வரை மலாக்கா நீரிணை. கடைசியில் பிலிப் கால்வாய் அருகே அகலம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைந்துபோகும். மூன்று நாள் வெறும் நீரைப் பார்த்த கண்ணுக்கு அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கப்பல்தான்.

இனி, கட்டமாக வாங்குவதில் உள்ள குறை. முழுச் சுற்றில் இரண்டு துறைமுகம் தவறினால் அந்தப் பயணிக்கு இன்னும் முப்பது இருக்கும். கட்டம் வாங்கியவருக்கோ பயணமே போய்விடும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கின. 2024இல் பல உலகச் சுற்றுக் கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. செங்கடலுக்கென்றே டிக்கெட் வாங்கியவர்களுக்கு அந்தக் கடலே இல்லாமல் போனது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது குயின் மேரி 2 தன் சுற்றை இடையில் நிறுத்தி, பெரும்பாலான பயணிகளை ஆஸ்திரேலியாவின் ஃப்ரிமாண்டிலில் இறக்கியது. துறைமுகங்களை மாற்றவும் விடவும் கப்பல் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று டிக்கெட் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது. பயணம் ரத்தானாலும் நடுக்கடலில் நோய் வந்தாலும் செலவைத் தாங்கும் காப்பீடு இல்லாமல் ஏறவும் கூடாது.

விமான டிக்கெட்டில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஏறும் ஊர் ஒன்று, இறங்கும் ஊர் ஒன்று. இரண்டையும் ‘மல்ட்டி சிட்டி’ என்று ஒரே டிக்கெட்டாகக் கேட்டால், தனித்தனியாக வாங்குவதைவிடப் பல வேளைகளில் மலிவாகும். ஏறும் ஊருக்கு ஒரு நாள் முன்பே போய்விட வேண்டும். தாமதமாக வரும் விமானத்துக்காகக் கப்பல் நிற்காது. கப்பலில் பெட்டிக்குப் பெரிய கட்டுப்பாடு இல்லை, விமானத்தில் உண்டு. முழுச் சுற்றுப் பயணிகளைப் போல அலமாரி நிறையத் துணி கொண்டுபோக முடியாது. விருந்து இரவுகளுக்குக் கோட்டும் டையும் வாங்க வேண்டியதுமில்லை. பல கப்பல்களில் அவரவர் நாட்டு விருந்துடையை ஏற்கிறார்கள். பட்டுப்புடவையோ நல்ல வேட்டி சட்டையோ போதும்.

விசா, கட்டத்தில் உள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியது. இறங்கி ஊர் பார்க்கப் போவதில்லை என்றாலும் சில நாடுகள் விசா கேட்கும். அது இல்லாதவரைக் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள். பிரேசில், செனகல் போன்ற மஞ்சள் காய்ச்சல் நாடுகளைத் தொட்டுவிட்டு இந்தியா திரும்புகிறவர்கள் தடுப்பூசிச் சான்று வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். சான்று இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

உலகச் சுற்றுகளின் அட்டவணை ஓராண்டுக்கும் மேல் முன்பாகவே வெளியாகிவிடும். முழுச் சுற்றுக்காரர்கள் நல்ல கேபின்களை முதலில் எடுத்துக்கொள்வார்கள். கட்டம் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது டெக்கின் உயரத்தை அல்ல, எந்தப் பக்கம் என்பதை. கிழக்கே போகும்போது இலங்கையின் தென்கரையும் மலாயாக் கரையும் இடப்பக்கம் வரும். மேற்கே வரும்போது வலப்பக்கம். அந்தப் பக்கத்தில் ஜன்னல் உள்ள ஒரு கேபினை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.