ஆறாம் வகுப்புக்குப் போகும் சாலை

செம்மண்ணும் தைலமரக்காடும் கல்குவாரியும்தான் எங்கள் ஊர். புதுக்கோட்டை மாவட்டம். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாவது படிக்கக் காட்டைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போகவேண்டும். பள்ளிக்கூட நேரத்துக்கு பஸ் கிடையாது. “வயசுக்கு வரப்போற புள்ளைய அந்த அத்துவானக் காட்டுல தனியா அனுப்புவீகளா?” என்று அப்பத்தா கேட்டாள். அத்தோடு அக்காவின் படிப்பு நின்றது. அம்மாவோடு ஜல்லி உடைக்கப் போனாள்.

1991இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தது. உலையை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் தெருவிளக்கடியில் கூடுவார்கள். பாடம் சொல்ல வரும் தொண்டரை அறிவொளி அக்கா என்போம். சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன அம்மாவின் விரல்களில் பலப்பம் நொறுங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து வேறு துண்டு எடுத்துக் கொடுப்பது என் வேலை. குவாரியில் அதுவரை கைநாட்டு வைத்த நோட்டில் முதன்முதலாகப் பேரெழுதிய சனிக்கிழமை, அதில் தன் கூலி எவ்வளவு என்று எழுதியிருந்ததையும் அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தாள். கணக்குப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

எழுத்தோடு சைக்கிளும் வந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பெண்கள் தாமாக வெளியே போய்வருவதும் அறிவொளியின் பாடமாயிற்று. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதனாலென்ன, ஆண்கள் சைக்கிளில் முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே என்றார்கள் பெண்கள். அம்மா அப்பாவின் சைக்கிளைக் களத்துமேட்டுக்கு உருட்டிப்போவாள். கொசுவத்தைத் தூக்கிச் செருகுவாள். அக்கா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவாள். முழங்கை சிராய்த்தால் அம்மா மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஏறுவாள். திண்ணையிலிருந்து கேலி பேசியவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களும் களத்துமேட்டில்தான் இருந்தார்கள். மாவட்டம் முழுக்க 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் ஊரறிய ஓட்டிக் காட்டியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

நான் ஐந்தாவது முடித்தபோது அப்பத்தா அதே கேள்வியைக் கேட்டாள். “நான் கொண்டுபோய் விடுறேன்” என்றாள் அம்மா. தைலமர வாசத்தினூடே முன்பாரில் உட்கார்ந்து ஆறாம் வகுப்புக்குப் போனேன். இதே புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்து, பிறகு 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றதை அந்தப் பள்ளியில்தான் கேட்டேன். அவருக்கு மன்னரின் அனுமதி தேவைப்பட்டது. எனக்கு அம்மாவே போதுமானவளாக இருந்தாள். அக்காவுக்கு அந்தச் சைக்கிள் சில வருடம் பிந்திவிட்டது. அந்தச் சில வருடங்கள்தான் என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தன.

படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகளின் வீடுகளுக்கு இன்று போய்வருகிறேன். பதினொன்றாம் வகுப்பில் அரசு இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிறவளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெரிய உதவிகள்தாம். ஆனாலும் பொட்டப்புள்ளைக்குப் படிப்பு எதற்கு என்பவர்களைவிட, எப்படிப் போய்வருவாள் என்று கலங்குகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அவர்களிடம் கல்வியின் பெருமையைப் பேசிப் பயனில்லை. பள்ளி விடும் நேரத்துக்கு ஒரு பஸ், இருட்டும் வழியில் விளக்கு, பூட்டிக் கிடக்காத கழிப்பறை: இவைதான் அவர்களுக்கு வேண்டிய பதில். அவற்றைக் கேட்டு அம்மாக்களே மனு எழுதுகிறார்கள். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் அவர்களே எழுந்து பேசுகிறார்கள்.